லேபுக்குப் போகாத போத்தல்

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டீச்சர், என்னதான் நடந்த?" முதல் பத்துப் பேருக்கு நானே சொன்னேன். பிறகு வந்தவர்களுக்கு மகள் சொன்னாள். இப்போது இரண்டு பேருக்கும் வாய் உளைகிறது. அதனால் ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன். இனி வருகிறவர்கள் இதை வாசித்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். ஆறுதல் தேவை என்று எழுதவில்லை. எனக்கு ஆறுதல் சொன்னவர்களில் பாதிப் பேரை வாசல் படலையோடு திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

நான் நிந்தவூரில் கணிதம் படிப்பிக்கிறவள். இருபத்தாறு வருடமாகக் கரும்பலகையில் எழுதிய கை என்னுடையது. கணவர் வயல் செய்கிறார். அவருக்குப் பேச்சுக் குறைவு. வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் நானே பேசிவிடுவதால் அவருக்கு அந்தத் தேவையும் வந்ததில்லை. ஒரே மகள் ஹஸ்மா, அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்வருகிறாள்.

வலது மார்பில் கட்டி கையில் தட்டுப்பட்டது குளிக்கும்போது. அப்போது கச்சான்கொட்டை அளவு. தவணைப் பரீட்சை வந்தது, விடைத்தாள் திருத்தம் வந்தது, நோன்பு வந்தது. ஒவ்வொன்றையும் சாட்டுச் சொல்லி மூன்று மாதம் தள்ளினேன். எனக்கு விவரம் தெரியாமல் இல்லை. பயந்தேன், அவ்வளவுதான். நெல்லிக்காய் அளவுக்கு வந்த பிறகுதான் கல்முனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கணவரும் கூடவே வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. "பொம்புளைகள்ற வருத்தம், நான் எப்பிடி உள்ளுக்கு வாற?" என்று கேட்டுவிட்டு, என் கைப்பையையும் குடையையும் வாங்கிக்கொண்டு வெளியே வாகனம் நிறுத்துகிற இடத்தில் மரத்தடியில் நின்றார். அன்றைக்கு மட்டுமல்ல, கடைசிவரை எந்த டொக்டரின் அறைக்குள்ளும் அவர் வரவில்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் பலர் அப்படித்தான். அந்த வெட்கத்தை மரியாதை என்று நினைக்கிறவர்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

கட்டிக்குள் ஊசி விட்டு ஒரு துண்டு எடுத்தார்கள். பாதியாக முறித்த தீக்குச்சி அளவு. அதை லேபுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் சேர்ஜன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆர் வந்திருக்கிறாங்க உங்களோட?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே விளங்கிவிட்டது.

"எனக்கிட்டயே சொல்லுங்க டொக்டர். பிழையான விடை பாத்துப் பழகின ஆள் நான்" என்றேன்.

சொன்னார். புற்றுநோய். மார்பை எடுக்க வேண்டும். நெறி கட்டுகிறது என்போமே, அக்குளில், கமக்கட்டில் இருக்கிற அந்த நெறிகளில் முதல் மூன்றையும் அதனோடு சேர்த்து எடுப்பார். எல்லாம் லேபுக்குப் போகும். நோய் அங்கே பரவவில்லை என்று லேப் சொன்னால் கமக்கட்டை அதற்கு மேல் தொட மாட்டார். பரவியிருந்தால் முழுவதையும் வழித்து எடுக்க வேண்டும்.

"வழிச்சா என்ன?"

"கை வீங்கலாம் டீச்சர். சில பேருக்கு வாழ்நாள் முழுக்க. போட்ல எழுதுறது கஷ்டம்."

எனக்கு மார்பு போவது கவலையில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் என் மனம் முழுக்கக் கையிலேயே போய் நின்றது. கை போனால் வகுப்பு போகும். வகுப்பு போனால் நான் வீட்டில் இருந்து என்ன செய்வேன்? அவருக்குச் சோறு ஆக்கியா?

சேர்ஜன் என்னை மட்டக்களப்பில் இருந்த லேபுக்கு ஒரு தாளோடு அனுப்பினார். அங்கே ஒரு லேடி டொக்டர், நாற்பது வயதிருக்கும், தடித்த கண்ணாடி. வெட்டி எடுத்த கட்டிகளை நுண்காட்டியில் பார்த்து நோயைப் படிக்கிறவர். அவர் ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்; என் கட்டியையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கத்தான் கூப்பிட்டது. நான் அவருக்கு வைத்த பெயர் எண்ணுகிற டொக்டர்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். உடம்பில் இரத்தக் குழாய்களைத் தவிர இன்னொரு வகைக் குழாயும் இருக்கிறது. சதைக்குள் ஊறிக் கிடக்கிற நீரை வடித்துக்கொண்டு போகிற மெல்லிய குழாய். நிணநீர்க் குழாய் என்று பெயர். வயலுக்கு வடிச்சல் வாய்க்கால் எப்படியோ அப்படி. அந்தக் குழாய்கள் போய்ச் சேருகிற இடம்தான் நெறி. புற்றுநோய்க் கட்டி சும்மா இருப்பதில்லை. அது ஒரு சாற்றைச் சுரந்து, புதுக் குழாய்களைத் தன் பக்கம் வளர வைக்கிறது. பிறகு அதே குழாய் வழியாக நோய் வெளியே நடக்கிறது. ஆகவே கட்டியைச் சுற்றி எத்தனை குழாய் வளர்ந்திருக்கிறது, அவற்றுக்குள் நோய் கிடக்கிறதா என்று பார்த்தால், அது எவ்வளவு தூரம் போகப் பார்க்கிறது என்று ஒரு கணக்குக் கிடைக்கும்.

"எப்பிடி எண்ணுறீங்க?" என்று கேட்டேன். நோயைப் பற்றிப் பேசத் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக எனக்கு ஒரு உற்சாகம்.

வேறு யாருடையதோ ஒரு கண்ணாடித் துண்டை நுண்காட்டியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். நிணநீர்க் குழாயின் சுவரில் மட்டும் ஒட்டுகிற ஒரு மருந்து விட்டிருந்தார்கள். நீல நிறத்துக்கு நடுவே சின்னச் சின்னக் கபில நிற வளையங்கள். குழாய்கள் ஆகக் கூடுதலாக நெருங்கிக் கிடக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே பார்வைக்குள் வருகிற வட்டத்துக்குள் இருப்பவற்றை எண்ண வேண்டும்.

"பதினாலு" என்றேன்.

"பதினாறு. ரெண்ட விட்டுட்டீங்க டீச்சர்."

"எந்த ரெண்டு?"

காட்டினார். உண்மைதான். மடிந்து கிடந்த இரண்டு.

"எப்பவும் கட்டியிட விளிம்பிலதான் எண்ணுவன்" என்றார். "நடுவில உள்ள குழாயெல்லாம் நசுங்கிப் போயிரும். விளிம்பிலதான் உயிரோட இருக்கும். அதால எனக்கு முழுக்கட்டியும் வேணும், ஊசியில வந்த துண்டு காணாது."

வெளியே வந்தபோது கணவர் ஒரு செவ்விளநீரை வெட்டுவித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "என்ன சொன்ன?" என்று கேட்டார். "ஒங்களுக்கு விளங்காது" என்றேன். வருடத்துக்கு நூற்றிருபது பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துகிறவள், இந்த ஒரு மனிதனுக்கு அதைச் சொல்லவில்லை. இளநீரை மட்டும் குடித்தேன்.

சத்திரசிகிச்சைக்கு முந்திய கிழமை கணவரின் ராத்தா, என் மதினி, கோழிச் சூப்போடு வந்தா. சூப் நல்ல சூப். கதைதான் நரம்பில்லாத நாக்கின் கதை. "மார் எடுத்தா பொம்புளைக்கி என்ன இரிக்கி? தம்பிக்கி இன்னம் வயசு போகல்ல" என்று என் மகளுக்கு முன்னால் சொன்னா. கணவர் முற்றத்தில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவர், உள்ளே வந்து சூப் சட்டியைத் தூக்கி ராத்தாவின் கையில் கொடுத்து, "நீங்க போங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு மதினி ஒரு வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கீழே நான் அவரைப் பற்றி எழுதப் போவதற்கு முன்னால் இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

சத்திரசிகிச்சை நாள் காலை எட்டு மணிக்கு என்னை உள்ளே கொண்டுபோனார்கள். கண் விழித்தபோது நெஞ்சில் இறுக்கிய கட்டு, விலாவிலிருந்து தொங்குகிற ஒரு இறப்பர்க் குழாய், தொண்டையில் வறட்சி. மகள் பக்கத்தில் இருந்து என் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். கணவர் இல்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்து, தொப்பியோடு வந்தார். என் காலைப் பிடித்துக்கொண்டு கட்டில் முனையில் உட்கார்ந்தார். துஆ ஓதிவிட்டு வருகிறார் என்று நினைத்தேன்.

நான்கு நாளில் வீடு. பிறகு காத்திருப்பு. லேப் முடிவு இரண்டு கிழமையில் வரும் என்றார்கள். வரவில்லை. மூன்று கிழமை ஆனது. எண்ணுகிற டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். "உங்கட சாம்பிள் எனக்கு வரவே இல்லையே டீச்சர். நீங்க ஒப்பரேசனத் தள்ளிப் போட்டிருக்கீங்க எண்டெல்லோ நினைச்சன்" என்றார்.

ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். எங்கள் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிகளில் வழக்கம் ஒன்று இருக்கிறது: வெட்டி எடுத்ததை மருந்துத் தண்ணீர் விட்ட போத்தலில் போட்டு, ஒரு கடிதத்தோடு வீட்டு ஆட்களிடமே கொடுத்துவிடுவார்கள். லேபுக்குக் கொண்டுபோவது வீட்டாரின் வேலை. "ஒங்கட மாப்பிள்ளைக்கிட்ட குடுத்தாச்சு மிஸ். சைன் இரிக்கி" என்றாள் பதிவேட்டைப் பார்த்த பிள்ளை.

கணவர் பின்னேரம் வயலிலிருந்து வந்து சேறு கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்தப் போத்தல் எங்க?"

நிமிர்ந்து பார்த்தார். மறைக்கவே இல்லை. "அடக்கிட்டன்" என்றார்.

"என்னத்த?"

"அதத்தான். மையவாடியில. வாப்பாட கபுறுக்குப் பக்கத்தில." என் வாப்பாவைச் சொன்னார். "மருந்துத் தண்ணியோட வைக்க மனம் வரல்ல. அத ஊத்திட்டு, கழுவி, வெள்ளப் புடவையில சுத்தித்தான் வெச்ச. பள்ளிவாசல் லெப்பையும் வந்து நிண்ட."

உடம்பிலிருந்து பிரிகிற எதையும், முடி, நகம் உட்பட, மண்ணில் அடக்குகிறவர்கள் நாங்கள். அது எனக்கும் தெரியும். "லேபுக்குக் குடுக்கச் சொல்லித்தானே உங்களுக்கிட்டத் தந்த!" என்று கத்தினேன்.

"கொண்டு போங்க எண்டுதான் தந்தாங்க. டெஸ்ட்தான் முதலே செஞ்சாச்சே, ஊசி குத்தி. இன்னம் என்னத்துக்கு எண்டு நினைச்ச. அங்கால விட்டா எரிப்பாங்க." ஈரக்கையைச் சாரத்தில் துடைத்தார். "காக்காவ எரிச்ச மாதிரி."

கொரோனாக் காலத்தில் அவருடைய காக்கா கொழும்பில் மௌத்தானார். அடக்குவதற்கு மையித்தைத் தரவில்லை. அப்போது அரசாங்க உத்தரவென்று எங்கள் ஆட்களையும் எரித்தார்கள். ஒரு மூத்த சகோதரனுக்கு ஒரு கபுறு இல்லை. அன்றிலிருந்து இவர் எந்த ஆஸ்பத்திரியையும் நம்பவில்லை. நம்பாத இடத்திலிருந்து என்னில் ஒரு துண்டைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதால் கோபம் குறைந்தது என்று நினைக்காதீர்கள்.

லேபுக்கு எழுதிய கடிதம் வயல் உறுதிப்பத்திரங்களோடு அலுமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அவர் வாசிக்கவில்லை.

அடுத்த நாள் காலை எண்ணுகிற டொக்டருக்கு மறுபடி எடுத்தேன். மகள் பக்கத்தில் நின்றாள். நடந்ததைச் சொன்னேன்.

"எத்தின நாள் டீச்சர்?"

"இருபத்தி மூணு."

"மருந்துத் தண்ணிய ஊத்திட்டாங்க எண்டா, ஒரு நாளே கூட. அதில எண்ணுறதுக்கு இனி ஒண்டும் இருக்காது. எடுக்க வேணாம். பாவம், அவரை ஒண்டும் சொல்லாதீங்க" என்றார்.

சரி என்று வைத்தேன். அன்றைக்கு அஸருக்குப் பிறகு, பள்ளிவாசலிலிருந்து வந்தவரிடம், "போய்த் தோண்டி எடுத்துக்கொண்டு வாங்க" என்றேன்.

தெரிந்துகொண்டேதான் சொன்னேன். எனக்கு ஒரு மார்பு போய்விட்டது, நெறியின் முடிவு இல்லாமல் கையும் போகப் போகிறது. அவருக்கு மட்டும் ஒரு நன்மை செய்த நிம்மதி இருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். மகரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி வந்தார். கையில் ஒரு சின்னப் பொட்டலம், மேலே இன்னொரு புதுத் துணி. வீட்டுக்குள் வரவில்லை. கிணற்றடியிலேயே நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. நெஞ்சுக்குழியோடு சேர்த்து அதைப் பிடித்திருந்தார். வாடை இந்தப் பக்கம் வந்தது. எனக்கே குமட்டியது.

"இனித் தேவல்ல. கொண்டு போய் திருப்பி வைங்க" என்றேன்.

திரும்பிப் போனார்.

எண்ணுகிற டொக்டர் நல்ல மனுசி. ஊசியில் எடுத்த பழைய துண்டின் மிச்சம், மெழுகில் பதித்தது, லேபில் இருந்தது. அதைச் சீவி நிறமூட்டி எண்ணினார். "பதினொண்டு. ஆனா இது நடுத்துண்டு டீச்சர். நசுங்கினது எது, நல்லது எது எண்டு தெரியல. இந்த இலக்கத்த வெச்சு நான் ஒண்டும் சொல்ல மாட்டன்." வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எண் என் கையில் இருந்தும் ஒன்றுக்கும் உதவவில்லை.

சேர்ஜனுக்கு வேறு வழியில்லை. விளிம்பு இல்லை, நெறி மூன்றும் இல்லை. "தெரியாட்டி, பரவியிருக்கு எண்டு வெச்சுத்தான் நாங்க நடக்கோணும்" என்றார். இரண்டாம் தடவை படுத்தேன். கமக்கட்டு முழுவதையும் வழித்து எடுத்தார்.

அந்தப் போத்தலையும் கணவரிடம்தான் கொடுத்தார்கள். இந்த முறை மகள் கூடப் போனாள். பஸ்ஸில் இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டே போனாராம். லேபில் பற்றுச்சீட்டு எழுதித் தரும்வரை கையை எடுக்கவில்லையாம். மிச்சத்தை எரிப்பதற்குச் சம்மதம் என்று ஒரு இடத்தில் ஒப்பம் கேட்டிருக்கிறார்கள். மகள் வாசித்துச் சொல்ல, கேட்டுவிட்டு, வைத்தாராம். வந்து என்னிடமும் சொன்னார். "நல்லது" என்றேன்.

முடிவு இரண்டு கிழமையில் வந்தது. எடுத்தது பதினேழு நெறி. பதினேழிலும் நோய் இல்லை.

மகள் வாசித்ததும் அவர் அப்படியே போய் வுழூச் செய்து இரண்டு றக்அத் தொழுதார். நெற்றி தரையில் இருக்க, ஸுஜூதில் தோள் குலுங்கியது. முடிக்கும்வரை பொறுத்தேன். அந்த அளவுக்கு எனக்கும் ஈமான் இருக்கிறது. ஸலாம் கொடுத்துத் திரும்பியவரிடம் சொன்னேன்:

"ஒண்டும் இல்லாத கமக்கட்டத்தான் வழிச்சிரிக்காங்க. அந்தப் போத்தல் லேபுக்குப் போயிருந்தா இதத் தொட்டிருக்க மாட்டாங்க. விளங்குதா?"

"விளங்குது" என்றார். பாயைச் சுருட்டி வைத்தார்.

மருந்து ஏற்றல் ஆறு தடவை. தலைமுடி போனது, வாய் புண்ணாகியது, அவர் கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கரண்டியால் தந்தார். மூன்றாவது மருந்தோடு கை வீங்கத் தொடங்கியது. வடிகிற வழியை எடுத்துவிட்டால் நீர் எங்கே போகும்? முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கைக்கு மேலே. கரும்பலகையில் எழுத வெண்கட்டியைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினால் ஐந்து நிமிடத்தில் கை ஈயமாகிறது. பாடசாலை எனக்கு நூலகத்தில் ஒரு கதிரை கொடுத்திருக்கிறது.

வீக்கத்துக்கு மருந்தில்லை. விரலிலிருந்து தோள் பக்கமாக மெதுவாகத் தடவி, இறுக்கமான பண்டேஜ் சுற்ற வேண்டும். ஒவ்வொரு நாளும், காலமெல்லாம். எந்த டொக்டரின் அறைக்குள்ளும் வராத மனிதன், இதைப் பழகுவதற்காக மட்டும் பெண்கள் நிறைந்த ஒரு அறைக்குள் வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்று பழகினார். மாதத்துக்கு ஒருமுறை தையல் நாடாவால் இரண்டு கையையும் அளந்து, வித்தியாசத்தைக் கொப்பியில் எழுத வேண்டும். அளப்பது மகள். வாசிப்பது நான். அவருக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாக வாசிப்பேன்.

போன மாதமும் அப்படித்தான். "மூணரை சென்டிமீட்டர் கூட" என்றேன். அவர் தரையில் உட்கார்ந்து பண்டேஜைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "கேட்டிச்சா?" என்றும் கேட்டேன்.

"கேட்டிச்சு."

சுருட்டி முடித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அண்டைக்கி நான் மண்வெட்டியோட வெளிக்கிடக்குள்ள, மகள் படலையடிக்கு ஓடி வந்து சொன்ன. டொக்டர் எடுக்க வேணாமெண்டு சொன்னத்த."

மகள் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"தெரிஞ்சிக்கிட்டா போன நீங்க?"

"ஓம்."

"பின்ன என்னத்துக்குத் தோண்டின?"

"நீ தோண்டச் சொன்ன" என்றார்.

கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். சின்ன விரலிலிருந்து சுற்றத் தொடங்கினார்.